பதினொரு மணித் தண்ணீர்

கேள்வி: எங்களுடையது பாம்பன் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு படிக்கிறேன். அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறார். அம்மா தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போவார். 2019-இல் எங்கள் கடல் பச்சைப் பசேலென்று மாறி, மீன்கள் செத்து ஒதுங்கின. 'பூங்கோரை வந்திருக்கு' என்றார் அப்பா. யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போனார்கள். கடல் சூழலியல் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அப்போது வந்தது. "தண்ணி நெறத்தப் பாத்தே நான் சொல்லிருவேன், இதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி?" என்கிறார் அப்பா. "வேலை கிடைக்காது, நர்சிங் சேரு" என்கிறார் மாமா. நான் எங்கே, என்ன படிப்பது? கணக்கு எனக்கு வராது, பரவாயில்லையா? பெண்களைப் படகிலும் கப்பலிலும் அனுப்புவார்களா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அன்பு மகளே, முதலில் உன் அப்பாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டதுதான் எல்லாவற்றிலும் கனமான கேள்வி.

பூங்கோரை என்று அவர் சொன்னது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அதற்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் தண்ணீருக்குப் பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. அது அளவுக்கு மீறிப் பெருகி, பிறகு செத்து அழுகும்போது பாக்டீரியாக்கள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கின்றன. பகலில் வெயில் இருப்பதால் பாசி கொஞ்சம் ஆக்சிஜனை உண்டாக்கும். இரவில் அதுவும் நின்றுவிடும். ஆனால் மூச்சு விடுவதை மட்டும் எந்த உயிரும் நிறுத்தாது. அதனால் விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுவதை உன் அப்பா பார்ப்பது அந்த நேரத்தில்தான்.

தண்ணீர் எடுக்க வருபவர்கள் வழக்கமாக எத்தனை மணிக்கு வருவார்கள்? ஜீப் வந்து, படகு பேசி, கடலில் இறங்கும்போது பதினொன்று ஆகிவிடும். அதற்குள் வெயில் ஏறியிருக்கும், காற்று கிளம்பித் தண்ணீரைக் கலக்கியிருக்கும். பாட்டிலில் பிடித்த தண்ணீரில் ஆக்சிஜன் ஓரளவு சரியாகவே இருக்கும். 'அளவு இயல்பாக உள்ளது' என்று அறிக்கை வரும். அந்த அறிக்கையில் பொய் எதுவும் இராது. விடியலில் நடந்த சாவுக்குப் பதினொரு மணித் தண்ணீர் சாட்சி சொல்லாது, அவ்வளவுதான்.

எப்போது, எங்கே தண்ணீர் எடுக்க வேண்டும் என்பது உன் அப்பாவுக்குத் தெரியும். எடுத்ததை எண்ணாக மாற்றி, அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நிற்கும்படி வைப்பது பல்கலைக்கழகம் கற்றுத்தரும் வேலை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். உன்னிடம் சேர வாய்ப்பிருக்கிறது.

படிப்பு எப்படியிருக்கும் என்று ஒரு காட்சி சொல்கிறேன். கடல்நீரில் ஆக்சிஜனை அளக்க 1888-இல் விங்க்ளர் கண்டுபிடித்த முறையை இன்றும் கற்றுத்தருகிறார்கள். கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் தண்ணீரை வழிய வழியப் பிடிக்க வேண்டும், ஒரு குமிழிகூட உள்ளே நிற்கக் கூடாது. படகிலேயே மாங்கனீசு உப்புக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு மூடினால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு திரளும். கரைக்கு வந்து அமிலம் விட்டால் அது கரைந்து மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளுத்ததும் ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். இன்னும் இரண்டு மூன்று சொட்டில் அந்த நீலம் சட்டென்று மறையும். மறைந்த அந்தச் சொட்டில்தான் உன் விடை இருக்கிறது. நம் பக்கத்து வெதுவெதுப்பான கடலில் மேல்மட்டத் தண்ணீரில் லிட்டருக்கு 6 மில்லிகிராம் அளவில் இருந்தால் நலம். 2-க்குக் கீழே போனால் மீனுக்கு ஆபத்து.

மாணவனாக இருந்தபோது ஒரு கழிமுகத்தில் இருபத்துநான்கு பாட்டில் பிடித்துக் கொண்டுபோனேன். ஆசிரியர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். மூடிக்கு அடியில் கடுகளவு குமிழி. "கடலை அளந்தியா, காத்தை அளந்தியா?" என்று கேட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார். மறுநாள் விடியலில் மறுபடி படகு ஏறினேன். கடல் அறிவியலில் பாதி இந்தப் பொறுமைதான்.

இனி எங்கே, என்ன படிப்பது என்பதைப் பார்ப்போம். கடல் சார்ந்த படிப்புகள் நம் நாட்டில் பெரும்பாலும் முதுகலையில்தான் தொடங்குகின்றன. அதனால் இளங்கலையில் அடிப்படை அறிவியல் ஒன்றைப் பிடித்துக்கொள். விலங்கியல், தாவரவியல், நுண்ணுயிரியல், வேதியியல் எதுவானாலும் சரி. கடல் மாசு பற்றி ஆய்வு செய்ய ஆசையென்றால் என் வாக்கு வேதியியலுக்கே. பிறகு முதுகலைக்குப் பரங்கிப்பேட்டை இருக்கிறது. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம். பிச்சாவரம் அலையாத்திக்காடு கூப்பிடு தூரம். உனக்கு இன்னும் பக்கத்தில், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை உண்டு. வெளியே போக முடிந்தால் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கோவா பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் போர்ட் பிளேர் வளாகம்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேரே கடலுக்குள் இறங்க வேண்டுமென்றால் நான்காண்டு பி.எஃப்.எஸ்சி. மீன்வள அறிவியல் இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் நடக்கிறது. இந்தப் படிப்பில் மீன் வளர்ப்பும் பிடிப்பும் பதப்படுத்தலும் முன்னால் நிற்கும், சூழலியல் ஒரு பகுதியாக வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு இதற்கும் உண்டு. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு விண்ணப்பிக்க மறக்காதே.

மாமா சொல்வதில் பாதி உண்மை, அதை மறைக்க மாட்டேன். நிரந்தர விஞ்ஞானிப் பணியிடங்கள் கொஞ்சம்தான். முதல் வேலை பெரும்பாலும் ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலையாக இருக்கும். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஆனால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்றால் முனைவர் பட்ட ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், சென்னையில் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம், ஐதராபாத்தில் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ், கோவாவில் தேசிய கடலியல் நிறுவனம் என்று ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன. துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சூழல் அறிக்கை கொடுத்தாக வேண்டும் என்பதால் தனியார் ஆய்வகங்களிலும் ஆலோசனை நிறுவனங்களிலும் ஆள் தேவைப்படுகிறது. நர்சிங் மாதிரி படித்து முடித்ததும் வேலை என்ற உறுதி இதில் இல்லை. ஐந்தாறு ஆண்டு பொறுக்க வீட்டில் முடியுமா என்று உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடு.

கணக்கு வராது என்கிறாயே, அம்மா கொண்டுவரும் ஈரப் பாசி காய்ந்தால் எத்தனை கிலோ தேறும் என்று உனக்குத் தெரியாதா? ஆய்வகத்தில் ஈர எடை, உலர் எடை என்று நாங்கள் போடும் கணக்கும் அதுதான். உனக்குத் தேவையான முக்கியக் கணக்கு புள்ளியியல். கழிவுநீர் சேரும் இடத்தில் ஐந்து மாதிரி, தள்ளி ஐந்து மாதிரி எடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலா, உண்மையா என்று சொல்லத் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டு கேள்வியில் உன்னை உட்கார வைத்துவிடுவார். அலை, நீரோட்டம் பற்றிப் படிக்கும் இயற்பியல் கடலியலுக்கு மட்டும் பெரும்பாலும் கணிதமோ இயற்பியலோ படித்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் நீ போக வேண்டியதில்லை.

பெண்களைக் கப்பலில் அனுப்புவார்களா என்று கேட்டிருக்கிறாய். 1983-இல் அண்டார்க்டிகா போன இந்தியக் குழுவில் கடலியல் விஞ்ஞானி அதிதி பந்த் இருந்தார். அவ்வளவு தூரம் எதற்கு? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கிப் பாசி எடுக்கும் பெண் உன் வீட்டிலேயே இருக்கிறார்.

உன் ஊர்க் கடலும் சாதாரண இடமில்லை. பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள் சேர்ந்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குள். சுற்றியிருந்த பவளப்பாறையைக் கல்லுக்காக வெட்டியெடுத்ததால் அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போனது முக்கியக் காரணம். 2010-லும் 2016-லும் கோடை வெப்பத்தில் பவளங்கள் வெளுத்துச் செத்தன. ஒரு புதுத் துறைமுகமோ தொழிற்சாலையோ வருமுன் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வைக்கும் அறிக்கைகளில், பெரும்பாலும் ஒரே பருவத்தின் அளவீடுகள்தான் இருக்கும். கொண்டல் காற்றுக் காலத்தில் இந்தக் கடல் எப்படி, கச்சான் காற்றுக் காலத்தில் எப்படி என்று தெரிந்த ஒருத்தி எழுந்து, "இந்தத் தண்ணீரை எந்த மாதம், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?" என்று கேட்டால் கூட்டத்தின் போக்கே மாறும்.

கல்லூரி திறக்கும்வரை காத்திருக்காதே. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. அப்பா கரைக்கு வந்ததும் கேட்டு எழுது: தேதி, காற்று, நீவாடு (நீரோட்டம்), தண்ணீரின் நிறம், எந்தப் பார் (கடலடிப் பாறை), என்ன பாடு (கிடைத்த மீன்). இதைத் தினமும் செய். பூங்கோரை மறுபடி வந்தால் அதற்கு முந்தைய பத்து நாள் கடல் எப்படி இருந்தது என்று உன் நோட்டில் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் மணியைப் போட மட்டும் மறந்துவிடாதே.