இறுகிப்போன ஸ்க்ரூவைக் கழற்றுவது எப்படி?

விலை உயர்ந்த ரெக்கார்டு பிளேயர்கள் சிலவற்றில் உள்பகுதி ஸ்ப்ரிங் மேல் மிதந்து நிற்கும். வண்டியில் கொண்டு போகும்போது அது ஆடாமல் பூட்டி வைப்பதுதான் டிரான்ஸ்போர்ட் ஸ்க்ரூ. பாட்டுக் கேட்குமுன் தளர்த்த வேண்டும். மறந்தால் தரையின் அதிர்வு ஊசிக்குப் போகும். வருடக்கணக்கில் விட்டால் துருவேறி இறுகிவிடும்.

விடுமுறையில் ரிப்பேர் கடை ஒன்றில் வேலை பழகினேன். பழைய ஜப்பான் பிளேயர் ஒன்றின் ஸ்க்ரூவை அவசரப்பட்டுத் திருகி, தலையைத் தேய்த்துவிட்டேன். அதன் விலை எங்கள் வீட்டின் பல மாத வருமானம். ராத்திரி சோறு இறங்கவில்லை. சைக்கிள் கடை வைத்திருக்கும் அப்பா கேட்டார்: "முதல்ல கொஞ்சம் இறுக்கிப் பாத்தியாடா?" எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், எனக்கு அது தோணவே இல்லை.

மறுநாள் செய்தது:

1. பிளக்கைப் பிடுங்கினேன். ஜப்பான் ஸ்க்ரூ பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். வகை, பிலிப்ஸ் திருப்புளி வழுக்கும். அதற்குரிய திருப்புளியை எடுத்தேன்.

2. சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்தேன். பக்கத்தில் பிளாஸ்டிக் இருந்தால் இது வேண்டாம்.

3. நன்றாக ஆறியபின், ஊசி முனையால் ஒரு சொட்டு துரு நீக்கும் எண்ணெய் விட்டு, இரவு முழுக்க வைத்தேன். ஸ்ப்ரே அடித்தால் ரப்பர் பெல்ட் கெடும்.

4. எண்ணெயைத் துடைத்து, தலைமேல் அகல ரப்பர் பேண்டு வைத்து, பலமாக அழுத்தி, இம்மியளவு இறுக்கினேன். 'டக்'. பிறகு தளர்த்தினேன். வந்துவிட்டது!

சில மாடல்களில் தளர்த்தும் திசையே வேறு, மேனுவலைப் பாருங்கள். கழற்றிய ஸ்க்ரூவைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த பயணத்துக்கு வேணும்.