பின்வளவில் ஒரு அறை

அன்பு மருமகளுக்கு,

நேற்றிரவு உன் அம்மா தொலைபேசியில் எல்லாம் சொன்னாள். இரண்டாம் தடவையும் அதே முழங்கால், அதே ஏசிஎல் இணைப்புநார். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீ ஒருவரோடும் முகம்கொடுத்துப் பேசுவதில்லையாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்பிள்ளைகளுக்குப் பயிற்றுநராக வரச்சொல்லிக் கழகத்தில் கேட்டார்களாம். ஆட ஏலாதவளுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசு எனக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டாயாம். அந்தச் சொல்தான் என்னை நித்திரைகொள்ள விடவில்லை.

எம்சிஜி எனப்படும் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே நிற்கும், அவுஸ்திரேலியக் காற்பந்தான ஃபுட்டியின் ஆட்டக்காரர் ரொன் பராசியின் சிலையை உனக்கு முதலில் காட்டியவன் நான். அப்போது உனக்கு ஏழு வயதிருக்கும். "இவர் எத்தனை கோல் அடிச்சவர் மாமா?" என்று கேட்டாய். சரியான பதில் சொல்லாமல் உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அவர் யார் என்று இப்போது சொல்கிறேன்.

அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1941 யூலையில், தகப்பன் தோப்ருக் போர்முனையில் இறந்துபோனார். தகப்பனும் மெல்பேர்ண் கழகத்தின் ஆட்டக்காரர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த அணியோடு கிண்ணம் வென்றிருந்தார். அதே அணியில் ஆடிய நோர்ம் சிமித், 1952 முதல் மெல்பேர்ணின் பயிற்றுநர். தாய் மறுமணம் செய்து தஸ்மேனியாவுக்குப் போனபோது, பையனைத் தன் வீட்டுப் பின்வளவில் இருந்த சின்ன அறையில் குடிவைத்தார் சிமித். 1953இல் அந்தப் பையன் தகப்பனுடைய 31ஆம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினான்.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒன்று உண்டு. பந்து மேலெழும்போது எம்பி அடிக்கிற 'ரக்' ஆக நிற்பதற்குப் பராசிக்கு உயரம் போதாது. கீழே விழும் பந்தைப் பொறுக்கிக்கொண்டோடும் சிறிய 'ரோவர்' வேலைக்கு உடம்பு பெரிது. ஏற்கெனவே இருந்த இடம் எதுவும் அவருக்குப் பொருந்தவில்லை. சிமித் இரண்டுக்கும் நடுவே ரக்-ரோவர் என்று ஒரு இடத்தையே அவருக்காக உண்டாக்கினார். அந்த இடத்தில் நின்றுதான் பராசி மெல்பேர்ணுக்கு ஆறு கிண்ணங்களில் பங்கெடுத்தார். 1960இலும் 1964இலும் அணித்தலைவர் அவரே. உன்னிடம் வரப்போகிற பிள்ளைகளிலும் எந்த இடத்திலும் பொருந்தாத ஒருத்தி கட்டாயம் இருப்பாள். அவளைக் கோட்டுக்கு வெளியே நிற்கவிடுவது சுலபம்.

1964இல் கிண்ணத்தை வென்ற கையோடு அவர் மெல்பேர்ணை விட்டுப் போனார். கார்ல்ரன் கழகம் அந்த ஆண்டு பத்தாம் இடத்துக்குச் சரிந்திருந்தது. அங்கே ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் சேர்ந்தார். வயது 28. மெல்பேர்ண் ரசிகர்கள் அதைத் துரோகமாகவே பார்த்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிமித் இருக்கிற வீட்டில் பராசி என்றைக்கும் பின்வளவு அறைப் பையனாகத்தான் இருந்திருப்பார். மற்றவருக்குக் கற்றுக்கொடுக்கிறவனாக மாற, தான் கற்ற இடத்தைவிட்டு எழுந்து போகவேண்டியிருந்தது. நீ ஆட்டத்தைவிட்டு எழுந்திருப்பது உன் விருப்பத்தால் அல்ல, முழங்காலால். அந்த வித்தியாசம் எனக்கு விளங்குகிறது பிள்ளை. வலிக்கும். ஆனால் போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

1970 இறுதியாட்டத்தைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். எம்சிஜியில் அன்று 121,696 பேர். அரைநேரத்தில் கார்ல்ரன், கொலிங்வூட்டைவிட 44 புள்ளிகள் பின்னால். பராசி இரண்டு காரியம் செய்தார். முஷ்டியால் குத்திக் கொடுக்கும் ஹாண்ட்போலை அந்தக் காலத்தில் பெரும்பாலும் வேறு வழியில்லாதபோதுதான் எடுப்பார்கள். அதையே தாக்குதலுக்குப் பாவிக்கச் சொல்லி, எந்த அபாயத்துக்கும் துணிந்து பந்தை முன்னே கொண்டுபோகச் சொன்னார். இரண்டாவது, வாங்கில் உட்கார்ந்திருந்த ரெட் ஹொப்கின்ஸ் என்ற மெலிந்த இளைஞரை இறக்கினார். அவர் நாலு கோல் அடித்தார். கார்ல்ரன் 10 புள்ளிகளால் வென்றது. ஹொப்கின்ஸ் தன் வாழ்நாளில் முதல்தர ஆட்டங்கள் ஆடியது மொத்தம் 29தான். பின்னாளில் ஃபுட்டியின் புள்ளிவிபரங்களைத் தொகுக்கும் சாம்பியன் டேற்றா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஹாண்ட்போலைப் பற்றித்தான் எழுதுவார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வாங்கின் பக்கம் திரும்பிய அந்தப் பார்வை. 44 புள்ளி பின்னால் நிற்கும்போது யாருக்கும் நட்சத்திரங்களைத்தான் திட்டத் தோன்றும்.

திட்டுவதைப் பற்றியும் எழுதவேண்டும். பராசி கத்துவார். அவரிடம் ஆடியவர்கள் அதை மறைக்கவில்லை. போன பருவத்தில் உன் பயிற்றுநர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் உன்னைச் சிறுமைப்படுத்திப் பேசியதையும், நீ காருக்குள் இருந்து அழுததையும் நான் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்த ஆறு வருடங்களில் நானும் பிரம்பெடுத்திருக்கிறேன். அடிவாங்கிய பையன்களில் ஒருவனுக்காவது பின்னம் விளங்கியதாக எனக்கு ஞாபகமில்லை. அவர்களுடைய முகங்கள் மட்டும் ஞாபகத்தில் நிற்கின்றன. பராசியிடமிருந்து நீ எடுக்கவேண்டியது பிள்ளைகளிடம் முழு முயற்சியையும் எதிர்பார்க்கிற குணத்தை. சத்தத்தை அவரோடேயே விட்டுவிடு. பன்னிரண்டு வயதில் ஒருத்திக்கு ஃபுட்டி கசந்துபோனால் அவள் திரும்பி வரமாட்டாள்.

பிறகு பயிற்றுநராகப் போன வடமெல்பேர்ண் கழகத்துக்குப் பராசி 1975இல் அதன் முதல் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார். 1977இல் இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து, அடுத்த கிழமை மறுபடி ஆடி இன்னொன்று. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

தெரியாத வருடங்கள்தான் எனக்கு முக்கியம். 1981இல் தன் பழைய கழகமான மெல்பேர்ணுக்குப் பயிற்றுநராகத் திரும்பினார். அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு வெற்றி. ஐந்து வருடம் இருந்தும் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குப் போகவில்லை. அந்தத் தோல்விகளுக்கு நடுவில்தான், ஐரிஷ் காற்பந்து ஆடுகிற பையன்களைக் கூட்டிவந்து இந்த ஆட்டத்தைப் பழக்கலாம் என்று ஒரு முயற்சி தொடங்கியது. அப்படி 1984இல் டப்ளினிலிருந்து வந்தவர் ஜிம் ஸ்டைன்ஸ். வயது 18. இந்த ஆட்டம் அவருக்குப் புதிது.

நான் இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலில் முழுதாகப் பார்த்த ஆட்டம், 1987இல் இறுதியாட்டத்துக்கு முந்தைய 'பிரிலிமினரி ஃபைனல்'. தொழிற்சாலைச் சிநேகிதன் ஒருவனின் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். மெல்பேர்ண் முன்னணியில், கடைசிக் கணம். விதி தெரியாதவர் போல ஸ்டைன்ஸ் எதிராளியின் குறுக்கே ஓடினார். தண்டனையாக எதிராளிக்கு 15 மீற்றர் முன்னேறக் கிடைத்தது. மணி அடித்த பிறகு எதிரணி ஹோத்தோர்ண் உதைத்த கோலால் ஆட்டம் போனது. தலையைக் குனிந்துகொண்டு நின்ற அந்த நெடிய பையனைப் பார்த்து, இனி இவனுக்கு வாழ்க்கையில்லை என்று நினைத்தேன். நாலு வருடம் கழித்து அவர் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுண்லோ பதக்கம் வாங்கினார். பிறகு தொடர்ச்சியாக 244 ஆட்டங்கள் என்ற சாதனையும் அவருடையது. பராசி அப்போது மெல்பேர்ணில் இல்லை. பதக்கம் வந்தது வேறொரு பயிற்றுநரின் காலத்தில்.

சிட்னியிலும் அப்படியே. 57 வயதில், 1993இல், தோற்றுக்கொண்டே இருந்த ஸ்வான்ஸ் அணியை ஏற்றெடுத்தார். தொடர்ந்து 26 தோல்விகளுக்குப் பிறகு அவர்கள் கண்ட வெற்றி, அவருடைய பழைய மெல்பேர்ணுக்கு எதிராகத்தான் வந்தது. அந்த வருடம் ஒரு வெற்றி, அடுத்த வருடம் நாலு, அதற்கடுத்தது எட்டு. அதோடு விலகிவிட்டார். 1996இல் ஸ்வான்ஸ் இறுதியாட்டத்தில் நின்றபோது பயிற்றுநர் இருக்கையில் இன்னொருவர்.

நீ கேட்கிற பரிசு உனக்குக் கிடைக்காமல் போகலாம். உன்னிடம் வரப்போகிற பிள்ளைகளில் ஒருத்தி பத்து வருடம் கழித்து உன் பெயரை எங்காவது சொல்லக்கூடும், சொல்லாமலும் போகலாம். நானும், என்னிடம் படித்த பையன்களில் இன்றைக்கு யார் எந்த ஊரில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அறியேன். அதற்காக அந்த ஆறு வருடங்களைக் குறைவாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

முழங்காலுக்குப் பயிற்சி செய்கிற மேசையில் படுத்துக்கொண்டே அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பாடமாக்கலாம். கழகத்துக்கு இன்னும் பதில் அனுப்பவில்லையென்றால் நாளைக்கு அனுப்பு. முதல் சனிக்கிழமை எந்த மைதானம், எத்தனை மணி என்று எனக்கு எழுது. கால் இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா