டெல்லிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு

மாணவர்களை முதன்முறையாக டெல்லிக்குக் கூட்டிப்போகும் இளம் ஆசிரியர்களுக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்களுக்கும் இதை எழுதுகிறேன். சுற்றுலா ஏஜெண்டுகள் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. முதலில் தேதி. அரையாண்டு விடுமுறைதான் வசதி என்று பலரும் டிசம்பர் கடைசியைப் பிடிக்கிறார்கள். அப்போது வடக்கே கடும் பனிமூட்டம். ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும். போட்ட திட்டம் முதல் நாளே கலையும். அந்தக் குளிருக்கு ஏற்ற ஸ்வெட்டர் நம் பிள்ளைகளில் பாதிப் பேரிடம் இருக்காது. ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காக இந்தியா கேட் பக்கம் சாலைகளை அடைப்பார்கள். காலாண்டு விடுமுறை வாய்த்தால் அதுவே மேல். திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி மூன்றுக்கும் விடுமுறை. ஆக்ராவும் போவதென்றால், வெள்ளிக்கிழமை தாஜ்மகால் கிடையாது.

2. இணையத்தில் ஒரு ரயில் டிக்கெட்டில் ஆறு பேருக்குத்தான் பதிவு செய்யலாம். நாற்பது பேரை அப்படிப் பிரித்துப் போட்டால் ஏழு பெட்டிகளில் சிதறுவார்கள். பள்ளியின் கடிதத்தோடு ரயில்வேயின் வணிகப் பிரிவு அலுவலகத்துக்கு நேரில் போய் மொத்தமாகக் கேளுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. கடிதம் அதற்கும் முன்பே தயாராக இருக்கட்டும்.

3. ரயிலில் ஏறியவுடன் பிள்ளைகளைச் செல்போனிடம் ஒப்படைத்துவிடாதீர்கள். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் இரண்டு இரவுகள். கிருஷ்ணாவை இருட்டில் கடப்பீர்கள். விடிந்தபின் கோதாவரி வரும். அதற்கப்பால் நர்மதை, சம்பல். வரைபடத்தைக் கையில் கொடுத்து ஆறுகளை எண்ணச் சொல்லுங்கள்.

4. ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. ஏஜெண்டின் பட்டியலில் எட்டு இருக்கும். எட்டையும் பார்த்த பிள்ளைக்கு மறுநாள் காலை எதுவும் ஞாபகம் இருக்காது.

5. நாடாளுமன்றத்தை விட்டுவிடாதீர்கள். அனுமதிக்கு உங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்தை அணுக வேண்டும். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள், பிள்ளைகள் எழுதட்டும். தங்கள் எம்.பி. யாரென்று பலருக்கு அன்றுதான் தெரியவரும். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. நல்லதுதான், செல்ஃபி எடுக்காமல் கண்ணால் பார்ப்பார்கள். 2023 மே 28 அன்று திறந்த புதிய கட்டடத்தில், மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே தமிழ்நாட்டிலிருந்து போன செங்கோல் நிற்கிறது. அதைக் காட்டிப் பெருமைப்படுவதோடு நிறுத்தாதீர்கள். அவையில் 888 இருக்கைகளுக்கு இடமிருக்கிறது, உறுப்பினர்களோ 543 பேர். மீதி ஏன் என்று கேளுங்கள். தொகுதி மறுவரையறை, 1971 மக்கள்தொகைக் கணக்கு, தமிழ்நாட்டின் 39 தொகுதிகள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும். பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அவர்களுக்குள் சண்டை போடட்டும்.

6. அன்று மாலையே ஜந்தர் மந்தருக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். ராஜா ஜெய்சிங் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய பிரம்மாண்டமான வானியல் கருவிகள் உள்ளே இருக்கின்றன. கணக்கு வாத்தியார் உடன் வந்தால் சூரியக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் போகும். ஆனால் நான் சொல்ல வருவது வெளியே உள்ள தெரு. நாட்டின் எந்த மூலையில் குறை இருந்தாலும் ஜனங்கள் வந்து உட்காருகிற இடம் அது. 2017இல் நம் விவசாயிகள் மண்டையோடுகளோடு நாள் கணக்கில் உட்கார்ந்தது அங்கேதான். காலையில் சட்டம் இயற்றும் அவை, மாலையில் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்கும் தெரு. இரண்டில் ஒன்றை மட்டும் காட்டினால் பாடம் பாதிதான். அன்று போராட்டம் நடந்தால் தள்ளி நின்று பார்க்கட்டும். யாரோடும் கோஷம் போட வேண்டாம்.

7. ராஜ்காட்டுக்கு எல்லோரும் போகிறார்கள். காந்தி ஸ்மிருதிக்குப் போகிறவர்கள் குறைவு. அந்த வீட்டில் காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்தார். 1948 ஜனவரி 30 அன்று பிரார்த்தனைக்கு நடந்த பாதையில் காலடித் தடங்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் இதையே தேர்ந்தெடுங்கள்.

8. தேசியப் போர் நினைவிடத்தில் 25,000க்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பரம்வீர் சக்கர விருது பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள். அவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987இல் இலங்கையில், அமைதிப்படையில் இருந்தபோது இறந்தவர். நம் படை அங்கே ஏன் போனது என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். பதில் தயாரித்துக்கொண்டு போங்கள், அது எளிதான பதில் அல்ல.

9. மெட்ரோவில் பத்துப் பேருக்கு ஒரு தலைவர். யாராவது விடுபட்டால் முன்னே போனவர்கள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும். விடுபட்டவர் அடுத்த வண்டியில் வந்து அங்கேயே இறங்க வேண்டும். இதை ஊரிலேயே சொல்லிப் பழக்குங்கள். மாணவிகள் வந்தால் ஆசிரியையும் வர வேண்டும். இதில் சமரசம் வேண்டாம்.

10. சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். மூன்றாம் நாள் சோறு கேட்டு முகம் வாடினால் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் முருகனைக் கும்பிட்டு, அக்கம்பக்கத்தில் நம் சாப்பாட்டை விசாரியுங்கள். டெல்லித் தமிழ்ச் சங்கமும் அந்தப் பகுதியில்தான்.

11. கைச்செலவுக்கு எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு வையுங்கள். சரோஜினி நகர் கடைவீதியில் ஒரு பிள்ளை பை நிறைய வாங்க, இன்னொரு பிள்ளை சும்மா நிற்கக் கூடாது. பயணக் கட்டணம் கட்ட முடியாதவர் யாரென்று மற்றவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பு.

12. திரும்பியதும் பயணக் கட்டுரை எழுதச் சொல்லி அறுக்காதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அடுத்து எது வருகிறதோ அதற்கு, நாடாளுமன்றத்தைப் பார்த்துவந்த இதே பிள்ளைகளைக் கூட்டிப்போய் உட்கார வையுங்கள்.