தழும்பு கற்பிக்கும் மரபியல்

மேல்நிலை வகுப்பில் மூலக்கூறு மரபியல் நடத்தும்போது, டி.என்.ஏ-விலிருந்து ஆர்.என்.ஏ, ஆர்.என்.ஏ-விலிருந்து புரதம் என்று கரும்பலகையில் எழுதுகிறோம். புரதம் உருவாக்காத ஆர்.என்.ஏ-வுக்கு வேலை என்ன என்று மாணவர்கள் கேட்பார்கள். மனித டி.என்.ஏ-வில் புரதத்திற்கான குறியீடு 2 விழுக்காட்டிற்கும் குறைவு. மற்றப் பகுதிகளிலிருந்தும் பல ஆர்.என்.ஏ-க்கள் படியெடுக்கப்படுகின்றன. இவையே குறியீடற்ற ஆர்.என்.ஏ-க்கள். இவற்றுள் மிகச் சிறிய வகையான மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டறிந்த விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோர் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இதை விளக்க நான் கெலாய்டு தழும்பை எடுத்துக்கொள்கிறேன். காது குத்திய இடம், பரு, தீப்புண், தடுப்பூசி போட்ட தோள் ஆகியவற்றில் புண் ஆறிய பிறகும் தழும்பு நிற்காமல், காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்வதே கெலாய்டு. தோலின் நார்ச்செல்கள் கொலாஜன் புரதத்தை அளவுக்கு மீறி உருவாக்குவதே இதற்குக் காரணம்.

கொலாஜனுக்கான தூது ஆர்.என்.ஏ-வில் ஒட்டிக்கொண்டு அதன் உற்பத்தியைக் குறைப்பது மைக்ரோ ஆர்.என்.ஏ 29. கெலாய்டு செல்களில் இதன் அளவு குறைந்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, மைக்ரோ ஆர்.என்.ஏ 21, ஹெச்19 எனும் நீண்ட ஆர்.என்.ஏ ஆகியவை அதிகரித்துள்ளன.

வகுப்பறைச் செயல்பாடு: மைக்ரோ ஆர்.என்.ஏ 29 தன் இலக்கை அடையாளம் காணும் 7 காரங்களை ஒரு காகிதப் பட்டையில் எழுதச் சொல்லுங்கள்: ஏ-ஜி-சி-ஏ-சி-சி-ஏ. ஏ-வுக்கு யு, ஜி-க்கு சி என்று இணையை அவர்களே எழுதட்டும். யு-சி-ஜி-யு-ஜி-ஜி-யு என வரும். பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டியதும், தூது ஆர்.என்.ஏ-வில் சிறிய ஆர்.என்.ஏ ஒட்டிக்கொண்டால் புரத உற்பத்தி என்னவாகும் என்று கேளுங்கள். சிறிய ஆர்.என்.ஏ-வின் வேலை அங்கேயே புரிந்துவிடும்.

சிகிச்சையையும் இதனுடன் இணைக்கலாம். இன்று ஸ்டீராய்டு ஊசி, சிலிக்கோன் தகடு, அழுத்தக் கட்டு ஆகியவை பயன்படுகின்றன. அறுவை சிகிச்சை மட்டும் செய்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். எனவே அதனுடன் கதிரியக்கமோ ஊசியோ சேர்க்கப்படுகிறது. குறைந்துபோன மைக்ரோ ஆர்.என்.ஏ 29-ஐப் போன்று செயற்கையாக உருவாக்கிய ரெம்லார்சன் எனும் மருந்து மனிதத் தோலில் சோதிக்கப்பட்டுள்ளது. ஆனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. இதையும் மாணவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கெலாய்டு 10 முதல் 30 வயதில்தான் அதிகம் தோன்றுகிறது. நம் வகுப்பிலும் காது மடலை முடியால் மறைத்துக்கொள்ளும் குழந்தை இருக்கலாம். அக்குழந்தையைச் சுட்டிக்காட்டாமல் பாடத்தை நடத்துவோம். இது தொற்றாது, அழுக்கினாலும் வருவதில்லை, குடும்ப வழியாகவும் வரக்கூடும் என்று வகுப்பு முழுவதற்கும் சொல்வோம். நூல் கட்டுவது, சுண்ணாம்பு வைப்பது, சுடுவது ஆகியவை புதிய காயத்தையே உண்டாக்கும் என்று பெற்றோரிடம் எடுத்துரைத்து, அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் அனுப்பி வைப்போம்.