வருஷா வருஷம் ஓடுகிற தேர்தானே?

சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழா ஏற்பாட்டை யாரும் திட்ட மேலாண்மை என்று சொல்வதில்லை. ஆனால் தேதி, செலவு, ஆள், அனுமதி எல்லாம் கொண்ட திட்டம்தான் அது. எந்தத் திட்டத்தையும் கவிழ்க்கும் நம்பிக்கைகள் இங்கும் உண்டு.

நம்பிக்கை: இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது.

உண்மை: வழக்கம் பழையதாக இருக்கலாம், வீதி அப்படியே இருப்பதில்லை. ரோடு போடப் போட மட்டம் உயர்கிறது, புதுக் கம்பிகள் குறுக்கே வருகின்றன. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாச் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். அங்கே விழா நடந்தது முதல் முறை அல்ல. பல பத்தாண்டுகளாக நடந்துவந்த விழா. அண்மையில் சாலை உயர்த்தப்பட்டதும் ஒரு காரணமாக அப்போது பேசப்பட்டது. போன வருஷ அனுபவம் போன வருஷத் தெருவுக்குத்தான் பொருந்தும்.

நம்பிக்கை: நல்ல காரியத்தில் கெட்டதைப் பேசுவது அபசகுனம்.

உண்மை: தேர் தறிகெட்டு ஓடலாம் என்று நினைத்துப் பார்த்ததால்தான் நம் முன்னோர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட ஆள் வைத்தார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியது. இவற்றால் பக்தி குறைந்துவிடவில்லை.

நம்பிக்கை: கூட்டத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

உண்மை: நெரிசல் தொடங்கியபின் யாராலும் அதிகம் செய்ய முடியாது. ஒரு சதுர மீட்டரில் 6, 7 பேர் நெருங்கிவிட்டால் தனி ஆளுக்குத் தன் காலடியே வசத்தில் இருக்காது. பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகிறார்கள். 1992 கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ 50 உயிர்கள் போயின. தவமிருக்கும் அம்மனுக்குச் சுவாமி தரிசனம் தரும் தபசுக் காட்சிக்கோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே இடம் வேண்டும். வரும் வழி, போகும் வழி, ஆம்புலன்ஸ் வழி மூன்றையும் கொடியேற்றத்துக்கு முன்பே பிரித்தாக வேண்டும்.

நம்பிக்கை: அபாயங்களைப் பட்டியல் போட்டால் போதும்.

உண்மை: "மின்கம்பி" என்று எழுதிய வரி யாரையும் காப்பாற்றாது. எதிரே ஒரு பெயர், ஒரு தேதி, மின்சாரத்தை நிறுத்தச் சொல்லவேண்டியவரின் போன் நம்பர் வேண்டும். நடக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தாலும் உயிரைப் பறிக்கக்கூடியதே முதல் வரியில் வரட்டும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள்: கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன்பே மின்வாரிய ஊழியரைக் கூட்டிக்கொண்டு, அளவுகோலோடு ரதவீதிகளை முழுக்க ஒரு சுற்று நடந்து பாருங்கள்.