சாலிடர் இல்லாமல் சீரியல் கன்சோல்: முதல் தடவை ரூட்டரைத் திறப்பவர்களுக்கு

'சாலிடரிங் தெரியாது, ஆனால் இந்த ரூட்டரை எப்படியாவது எழுப்பணும்' என்று பையோடு வந்து நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சாலிடரிங் அயர்னைத் தொடவே வேண்டாம். ஒரு மல்டிமீட்டர், மூன்று ஜம்பர் வயர், யூஎஸ்பியில் செருகும் ஒரு சின்ன டிடிஎல் அடாப்டர் இருந்தால் போதும். கூடவே, எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்ற ஒழுங்கு வேண்டும்.

1. திறப்பதற்கு முன், திறக்க வேண்டியதுதானா என்று பாருங்கள். ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் கொடுத்தால், டிஎஃப்டிபி வழியாக ஃபர்ம்வேரைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும் ரூட்டர்கள் பல உண்டு. டிபி-லிங்க்கின் பல மாடல்கள் 192.168.0.66 என்ற முகவரியில் அந்தக் கோப்பைத் தேடும். அதெல்லாம் பலிக்கவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது, பிங் போகவில்லை என்றால்தான் சீரியல் கன்சோல். ஃபர்ம்வேர் ஏற்றும்போது கரண்ட் போய்ப் படுத்துவிட்ட ரூட்டரில்கூட, அதைக் கிளப்பிவிடும் சின்ன நிரலான பூட்லோடர் பெரும்பாலும் பிழைத்திருக்கும். பவர் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது தன் நிலவரத்தை வரிவரியாக வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கேட்பதற்கான துளைகள், தொழிற்சாலைச் சோதனைக்கு வைத்தவை, போர்டின் ஏதோ ஒரு ஓரத்தில் இருக்கும்.

2. சாலிடர் தெரியவில்லை என்று கூச்சப்படாதீர்கள். இந்த வயர்களில் ஓடுவது சில மில்லியாம்பியர்தான், அதுவும் பத்து நிமிட வேலைக்கு. அதற்கு நல்ல தொடுகை போதும். புதியவர் கையில் அயர்ன் இருப்பதுதான் உண்மையில் ஆபத்து. போர்டில் வரும் ஈயமில்லாத சாலிடர் 217 டிகிரிக்குப் பக்கத்தில்தான் உருகத் தொடங்கும். கிரவுண்ட் துளையோ உள்ளே ஒரு முழுச் செம்புத் தளத்தோடு இணைந்திருப்பதால் கொடுக்கும் சூட்டையெல்லாம் அந்தத் தளம் இழுத்துக்கொள்ளும். உருகவில்லையே என்று அழுத்திப் பிடித்தால் துளையைச் சுற்றியிருக்கும் வளையம் பெயர்ந்து கையோடு வந்துவிடும்.

3. அடாப்டர் வாங்கும்போது 3.3 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது, மற்றவர்களுக்கு ஆன்லைன் கடை. சிபி2102, சிஎச்340, எஃப்டி232 என்று எந்தச் சிப் இருந்தாலும் வேலை நடக்கும். போலி எஃப்டி232 மட்டும் வேண்டாம். 2014இல் விண்டோஸ் அப்டேட்டில் வந்த ஒரு டிரைவர், போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூஜ்ஜியமாக்கி முடக்கிப்போட்ட கதை இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

வாங்கியதும் ரூட்டரில் மாட்டாதீர்கள். முதலில் அடாப்டரின் டிஎக்ஸ் (அனுப்பும்) பின்னையும் ஆர்எக்ஸ் (வாங்கும்) பின்னையும் ஒரு ஜம்பரால் சேர்த்து, டெர்மினலில் ஏதாவது தட்டுங்கள். தட்டியது திரையில் தெரிந்தால் அடாப்டரும் டிரைவரும் சரி. பிறகு ஜம்பரை எடுத்துவிட்டு டிஎக்ஸ் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சீரியல் லைன் சும்மா இருக்கும்போது மேல்நிலையில்தான் நிற்கும், அதனால் 3.3 காட்ட வேண்டும். 5 காட்டினால் அதை ரூட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். 3.3 என்று அச்சடித்த ஜம்பரை மாற்றினாலும் விசிசி (மின்சாரம் கொடுக்கும்) பின் மட்டுமே மாறி, சிக்னல் 5 வோல்ட்டிலேயே நிற்கும் மலிவு அடாப்டர்கள் உண்டு. அச்சை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அலுவலகத்தில் சிஸ்கோ ரூட்டருக்குப் போடும் வெளிர்நீல கன்சோல் வயரும் 'சீரியல்'தான். ஆனால் அது ஆர்எஸ்-232. அதில் மைனஸ் வோல்டேஜும் வரும், 10 வோல்ட்டைத் தாண்டியும் போகும். வீட்டு ரூட்டரின் சிப்பில் அதைத் தொடுவித்தால் சிப் போய்விடும்.

4. இனி ரூட்டரைத் திறக்கலாம். திருகுகள் ரப்பர் காலுக்கு அடியிலோ லேபிளுக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். மூடியை நெம்புவதற்கு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், காலாவதியான ஏடிஎம் கார்டு போதும். ஆன்டெனா வயரைப் பிய்த்துவிடாதீர்கள். மின்சாரம் நேராக 230 வோல்ட்டாகப் பெட்டிக்குள்ளேயே போகும் மாதிரி என்றால், புதியவர்கள் திறக்கவே வேண்டாம்.

5. போர்டில் வரிசையாக நான்கு துளை, பக்கத்தில் ஜே1 மாதிரி ஏதாவது எழுத்து இருந்தால் அதுவாகத்தான் இருக்கும். சதுர வளையம் உள்ள துளை முதலாவது பின் என்று பொருள். ஆனால் முதலாவது பின் விசிசியா கிரவுண்டா என்பது ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொரு மாதிரி. அதனால் அளந்து பார்த்தே முடிவுக்கு வர வேண்டும்.

பவரைக் கழற்றிவிட்டு மீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். ஒரு முனையை ஈத்தர்நெட் ஜாக்கின் உலோக உறையில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு துளையாகத் தொடுங்கள். பீப் அடிப்பது கிரவுண்ட். மலிவு ரூட்டரில் ஜாக் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கும். அப்போது சிப்புக்கு மேலே மூடியிருக்கும் தகரத்தில் அந்த முனையை வையுங்கள்.

இனி மீட்டரை டிசி வோல்ட்டுக்கு மாற்றி, கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்துப் பவர் கொடுங்கள். கொடுத்ததுமே 3.3 என்று அசையாமல் நிற்பது விசிசியாக இருக்கலாம். முதல் சில நொடிகளில் 3.3க்குக் கீழே இறங்கி ஏறி ஆடிவிட்டு, பிறகு அடங்குவது டிஎக்ஸ். ரூட்டர் பேசுவதைத்தான் அந்த ஆட்டமாக மீட்டர் காட்டுகிறது. மிச்சமிருப்பது ஆர்எக்ஸ். அது பூஜ்ஜியத்திலும் நிற்கலாம், 3.3லும் நிற்கலாம். சந்தேகமாக இருந்தால் பவரை அணைத்துப் போட்டுத் திரும்பப் பாருங்கள். மீட்டர் முனை வழுக்கி இரண்டு துளைகளைச் சேர்த்துத் தொட்டுவிடாமல் கவனம். விசிசியும் கிரவுண்டும் சேர்ந்தால் ஷார்ட்.

6. இப்போது தொடுகை. இதில்தான் ஆளுக்கொரு கைவித்தை.

துளை காலியாக இருந்தால் வேலை சுலபம். 2.54 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள பின் ஹெடரில் நான்கு பின்னை ஒடித்துக்கொள்ளுங்கள். பின்னின் தடிமன் 0.64 மில்லிமீட்டர், துளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், அதனால் சும்மா செருகினால் லொடலொடவென்று ஆடும். பின்களைக் கூடை முடைவதுபோல ஒன்றை இந்தப் பக்கமும் அடுத்ததை அந்தப் பக்கமுமாக இம்மியளவு வளைத்துச் செருகினால், துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வளைக்க மனமில்லையென்றால் நேராகவே செருகி, ஹெடரை ஒரு பக்கம் சாய்த்து, ரப்பர் பேண்டால் போர்டோடு இழுத்துக் கட்டுங்கள். சாய்ந்த பின் நான்கும் சுவரில் அழுந்தும். சில போர்டுகளில் இடைவெளி 2 மில்லிமீட்டர்தான். அதில் இந்த ஹெடரைப் பலவந்தமாகத் திணிக்காதீர்கள்.

துளையைத் தொழிற்சாலையிலேயே சாலிடரால் நிரப்பியிருந்தால் பின் இறங்காது. அதற்குப் போகோ பின் கிளிப் வாங்குங்கள். துணி கிளிப் மாதிரி வாய் திறந்து போர்டின் ஓரத்தைக் கவ்வும், உள்ளே ஸ்பிரிங் வைத்த நான்கு ஊசிகள் இருக்கும். அடிக்கடி ரூட்டர் திறப்பவர்களுக்கு அந்தக் காசு வீண்போகாது. துளை போர்டின் நடுவில் இருந்தால் மட்டும் கிளிப்பின் வாய் எட்டாது.

துளையே இல்லாமல் தட்டையான பொட்டுகள் மட்டும் இருந்தால் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். கிரவுண்டை அந்தப் பொட்டிலேதான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஜாக்கின் உலோக உறையிலோ தகர மூடியிலோ ஒரு முதலைக் கிளிப்பைக் கவ்வவிடுங்கள். கேட்பதற்கு இன்னும் வேண்டியது டிஎக்ஸ் ஒன்றுதான். அந்தப் பொட்டில் ஒரு கூர்முனையைக் கையால் அழுத்திப் பிடித்தாலே ரூட்டர் பேசுவது முழுவதையும் படித்துவிடலாம்.

எந்த வழியானாலும் வயரைப் பின்னிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, பெட்டியோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். மேஜையில் யாராவது லேப்டாப்பை நகர்த்தினால் இழுப்பு டேப்போடு நிற்க வேண்டும், பின்வரைக்கும் போகக் கூடாது. ஃபர்ம்வேர் எழுதும் நடுவில் தொடுகை விட்டுப்போவதைவிட மோசமான நேரம் இந்த வேலையில் கிடையாது.

7. முதலில் கேளுங்கள், பேசுவது அப்புறம். கிரவுண்டோடு கிரவுண்ட். ரூட்டரின் டிஎக்ஸ், அடாப்டரின் ஆர்எக்ஸுக்கு. அவ்வளவுதான் முதல் சுற்று. இப்படிக் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கையில் நீங்கள் ரூட்டருக்குள் எதையும் அனுப்பவில்லை. வந்த எழுத்தெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அடாப்டரின் டிஎக்ஸை ரூட்டரின் ஆர்எக்ஸில் மாட்டுங்கள். விசிசியைத் தொடவே தொடாதீர்கள். ரூட்டருக்கு அதன் சொந்த பவர் அடாப்டர் சாப்பாடு போடுகிறது, யூஎஸ்பி ஊட்ட வேண்டியதில்லை.

வயர் மாட்டியிருந்தால் ரூட்டர் பூட் ஆகாது, கழற்றினால் ஆகும் என்ற விசித்திரத்தையும் பார்ப்பீர்கள். சில சிப்கள் பவர் வந்த கணத்தில் இதே பின்களின் நிலையைப் பார்த்துத்தான் எப்படிக் கிளம்புவது என்று முடிவுசெய்கின்றன. பவரைக் கொடுத்துவிட்டு, அடுத்த கணம் தொடுகையை வையுங்கள். சாலிடர் போட்டவர்களைவிட நமக்கு இங்கே வசதி அதிகம்.

8. டெர்மினல் எதுவானாலும் சரி: விண்டோஸில் புட்டி, லினக்ஸில் பிகோகாம். வேகம் 115200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். வருவது குப்பை எழுத்தாக இருந்தால் பயப்படாதீர்கள், வேகம்தான் தப்பு. 115200இல் ஒரு பிட்டின் ஆயுள் 8.7 மைக்ரோநொடி. 57600இல் அது இரட்டிப்பு. ஒன்றை இரண்டாக எண்ணினால் எழுத்து எப்படிச் சரியாக வரும்? பழைய ரேலிங்க் சிப் ரூட்டர்கள் பலவற்றில் 57600. அதற்கும் மசியாவிட்டால் 38400, 9600 என்று இறங்கிப் பாருங்கள். எந்த வேகத்திலும் குப்பையே வந்தால், பெரும்பாலும் கிரவுண்ட் தொடவில்லை என்று பொருள்.

எழுத்து அழகாக வருகிறது, தட்டினால் மட்டும் எடுபடவில்லை என்றால் வயரைக் குடைவதற்கு முன் டெர்மினலில் ஹார்டுவேர் ஃப்ளோ கன்ட்ரோல் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மினிகாம் பயன்படுத்துபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதையும் அணைத்துப் பலன் இல்லையென்றால், சில தயாரிப்பாளர்கள் ஆர்எக்ஸ் பாதையில் ஒரு ரெசிஸ்டரை வைக்காமல் விட்டுவிடுவார்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே நம் வித்தை செல்லாது. சாலிடர் தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும்.

9. பூட்லோடர் பெரும்பாலும் யூ-பூட்டாக இருக்கும். ஏதாவது ஒரு விசையைத் தட்டி நிறுத்து என்று சில நொடி அவகாசம் கொடுக்கும். பழைய டிபி-லிங்க்கில் ஒரே நொடிதான், அதற்குள் டி, பி, எல் என்ற மூன்று எழுத்தையும் தட்டியாக வேண்டும். தட்டியபடியே பவர் கொடுங்கள். நின்றதும் கை பரபரக்கும். அழிக்கும் கட்டளை, சேமிக்கும் கட்டளை எதுவும் வேண்டாம். அமைப்புகளை அச்சிட்டுக் காட்டும் கட்டளையை மட்டும் போட்டு, வந்த முழுவதையும் ஒரு கோப்பில் சேமித்துக்கொள்ளுங்கள். ஃபிளாஷில் எந்த முகவரியில் எது இருக்கிறது என்பது அந்தப் பூட் பதிவில்தான் இருக்கும். புது ஃபர்ம்வேரை முடிந்தால் முதலில் ராமில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். ஓடினால் ஃபிளாஷில் எழுதலாம்.

10. உங்கள் சொந்த ரூட்டரை மட்டும் திறங்கள். இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி பெரும்பாலும் அவர்கள் சொத்துதான்.

11. இதே வேலையை வாரம் முழுக்கச் செய்யப்போகிறீர்கள் என்றால், கன்சோல் வசதியோடு வரும் ரூட்டரையே வாங்கிவிடுங்கள். லிங்க்ஸிஸ் 2002இல் விற்கத் தொடங்கிய டபிள்யூஆர்டி54ஜியின் மூலநிரல் மறுவருடம் வெளியே வர, அதிலிருந்து 2004இல் கிளம்பியது ஓப்பன்டபிள்யூஆர்டி. இருபது வருடம் கழித்து, 2024இல், அந்தத் திட்டத்தின் பெயரிலேயே 'ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன்' என்ற ரூட்டர் வந்தது. அதில் சீரியல் கன்சோலுக்கென்றே ஒரு யூஎஸ்பி-சி துளை வெளியே இருக்கிறது.

12. மூடுவதற்கு முன் போர்டைப் படம் எடுங்கள். எந்தத் துளை எது, என்ன வேகம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, மூடியின் உட்பக்கம் ஒட்டிவிட்டுத் திருகை மாட்டுங்கள்.