முழுகாம இருக்கா!

போன லீவுல ஊருக்குப் போனப்ப ஆச்சி, "அக்கா முழுகாம இருக்காடா" என்றாள். "ஏன், தண்ணி வரலையா?" என்று கேட்டேன். வீடே சிரித்தது. நான் மாமா ஆகப்போகிறேன் என்பது எனக்கு மட்டும்தான் புரியவில்லை.

நீங்களும் என்னை மாதிரி இங்கிலீஷ் மீடியமா? அப்போ இந்தச் சொல்லைப் பார்த்துடுவோம்.

'மூழ்கு', 'முழுகு' இரண்டுமே நீருக்குள் முழுசாகப் போவதுதான். வயல் தானாக மூழ்கும். வெள்ளம் வயலை மூழ்கடிக்கும். நீருக்கடியில் ஓடும் கப்பல், நீர்மூழ்கி.

மனசும் மூழ்கும். 'இல்' சேர்த்தால் போதும்: படிப்பில், யோசனையில், செல்போனில். ஆனால் 'கடனில் மூழ்கினான்' என்றால் ஈடுபாடு இல்லை, மீள முடியாத நிலை.

பேச்சுவழக்கில் முழுகுவது என்றால் தலைக்குக் குளிப்பது. இறந்தவருக்காகத் தலைமுழுகுவார்கள், அதனால்தான் ஒரு உறவே வேண்டாம் என்று விடுவதும் 'தலைமுழுகுவது'. மாதவிலக்கு முடிந்து தலைக்கு முழுகுவது அந்தக்கால வழக்கம். மாதவிலக்கே வரவில்லை என்றால்? முழுகாம இருக்கா!

அன்னைக்கு ராத்திரி அக்காவுக்கு போன் போட்டேன். "இப்பவாவது புரிஞ்சுதாடா?" என்பதுதான் அவள் முதல் கேள்வி.